திரும்பிப் பார்க்கும் நோய்

சரசுவின் மேல் ஒரு நாளும் சாமி வந்ததில்லை.

வராமல் போகும்படி அவள் எந்தக் குறையும் வைக்கவில்லை. ஆடி மாதம் முழுக்கக் கவிச்சி தொடமாட்டாள். மஞ்சள் புடவையைத் தானே துவைத்துத் தானே மடித்து வைப்பாள். தொம்மலூர் பழைய ஊருக்குள், இரண்டு கண்ணாடிக் கட்டடங்களுக்கு நடுவே பல்லிடுக்கில் சிக்கிய பாக்கைப் போல உட்கார்ந்திருக்கிறது மாரியம்மன் கோயில். கூழ் ஊற்றும் அன்று அங்கே பம்பை முழங்கத் தொடங்கியதும் முதல் ஆளாகப் போய் நின்று கண்ணை மூடிக்கொள்வாள். பக்கத்தில் நிற்கிறவளுக்கு வரும். எதிரில் நிற்கிறவளுக்கு வரும். ஒரு வருஷம், கூழ் வாங்க வந்த வேற்றுத் தெருப் பெண்ணுக்கு, கையில் தூக்குவாளியோடு வந்துவிட்டது. சரசுவை மட்டும் அம்மன் தாண்டிப் போய்விடுவாள்.

அவளுக்கு வாய்த்தது பிடிக்கிற வேலை. சாமி வந்தவளின் பின்னால் நின்று இடுப்பை வளைத்துப் பிடிக்க வேண்டும். அவிழ்ந்த கூந்தலை அள்ளி முடிய வேண்டும். நழுவும் முந்தானையைச் செருக வேண்டும். யார் வந்திருக்கிறது, என்ன குறை என்று கேட்டு, சொன்னதற்கெல்லாம் ஒப்புக்கொண்டு, நாக்கில் கற்பூரம் வைத்துச் சாமியை மலையேற்றி, ஆளை வீட்டுக்கு அனுப்ப வேண்டும். ஊரே சாமி வந்தவளின் காலில் விழும். பிடித்தவளின் காலை நாலு பேர் மிதிப்பார்கள்.

"ஏன்டி, உனக்கு இருக்குற வேலைக்குச் சாமி வந்தா உக்கார எடம் ஏது?" என்பான் புருஷன் ஆதிகேசவன். பீன்யா தொழிற்பேட்டையில் லேத் ஓட்டுகிறவன். கடவுள் விஷயத்திலும் இடவசதியைத்தான் முதலில் பார்ப்பான்.

இதையெல்லாம் சரசு பொறுத்துக்கொண்டிருந்தாள், ஓரகத்தி வீணா வாழ வரும்வரை.

வீணா கொழுந்தன் ரவிக்குமாரின் மனைவி. மாடி வீட்டில் குடியிருப்பு. முழங்காலைத் தொடும் கூந்தல். அந்தக் கூந்தலே சரசுவுக்கு முதல் முள். வந்த வருஷத்து ஆடியிலேயே பம்பை அடித்த மாத்திரத்தில் வீணாவுக்குச் சாமி வந்துவிட்டது. நேற்றுக் குடி வந்தவளுக்கு ரேஷன் கார்டு கிடைத்து, பிறந்ததிலிருந்து வரிசையில் நிற்கிறவளுக்கு நாளைக்கு வா என்றால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது சரசுவுக்கு. அந்தக் கூந்தலை அள்ளி முடிந்துவிட்டவளும் அவள்தான்.

அம்மன் பெற்றவள், எந்தப் பிள்ளை மடியில் உட்கார வேண்டும் என்பது அவள் இஷ்டம். இப்படிச் சொல்லிச் சொல்லி மனதை ஆற்றிக்கொண்டாள். சாமியைப் பொறுத்துக்கொண்ட சரசுவால் செல்போனைப் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

கோயிலை ஒட்டிய கண்ணாடிக் கட்டடத்தில் மறுலோக யாத்திரை வாரியம் என்று ஒன்று திறந்தார்கள். வாசல் பலகையில் 'அங்கீகரிக்கப்பட்டது' என்று பெரிதாக எழுதியிருந்தது. யாரால் என்று எழுதப் பலகையில் இடம் போதவில்லை. நிறுவனர் சந்தானம் முன்பு மெத்தை வியாபாரம் செய்தவர். ரவிக்குமாருக்கு அங்கே வாசல் காவல் வேலை.

ஒரு நாள் மதியம் அவனுக்குச் சோறு கொண்டுபோன வீணா, வரவேற்பறையில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கூப்பிட்டார்கள், கேட்கவில்லை. மடியிலிருந்த தூக்கு கவிழ்ந்து சாம்பார் பாதத்தில் வழிந்தது, அசையவில்லை. அந்த வழியாக வந்த சந்தானம் கைகூப்பி நின்றுவிட்டார்.

"இந்த வயசுல இவ்ளோ தூரம் போனவங்கள நான் பாத்ததில்ல. யாரும் தொடாதீங்க. சாம்பாரையும் தொடாதீங்க" என்றார்.

மறு வாரமே வீணாவுக்கு வெள்ளைச் சால்வை, கழுத்தில் அட்டை, நடுநிலை யாத்ரீகர் என்ற பட்டம். ஒவ்வொரு யாத்ரீகருக்கும் ஒரு துணை விலங்கு உண்டாம். வீணாவுக்குக் கருடன். தெருவில் குழாய்த் தண்ணீர் வரும் நேரத்தில் சரசு மாடியைப் பார்த்துக் குரல் கொடுத்தால், "அக்கா, நான் யாத்திரையில இருக்கேன்!" என்று பதில் வரும். சோம்பேறித்தனத்துக்குச் சால்வை போர்த்துகிற ஊரும் உண்டா என்று முணுமுணுத்தபடி சரசு தன் குடங்களை நிரப்புவாள். பிறகு, குழாய் நின்றுவிடப் போகிறதே என்று வீணாவின் டிரம்மையும் நிரப்புவாள். அதை யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் பொறாமைப்பட முடியாது.

தெருப் பெண்கள் வீணாவிடம் குறி கேட்கப் போனார்கள். கோயில் தர்மகர்த்தா, "நம்ம தெருவுக்கே பெருமை" என்றார். சரசு எத்தனையோ வருஷம் நின்ற முதல் வரிசையில் இந்த வருஷம் வீணாவுக்கு நாற்காலி போடுவதாகப் பேச்சு.

அன்றைக்கே சரசு, தான் சமைக்கும் பெண்கள் விடுதியில் அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டு, முகம் கழுவி, வாரியத்தின் படியேறினாள். வாழ்க்கையில் ஒரு தரமாவது பின்னால் நிற்கிறவளாக இல்லாமல் முன்னால் நிற்கிறவளாக இருந்துவிட வேண்டும். அம்மன் தராததை வாரியமாவது தரட்டும்.

புதியவர்களுக்குச் சந்தானம் சொற்பொழிவாற்றினார்.

"சைபீரியான்னு ஒரு தேசம். ஒரே பனி. அங்க ஷாமன்னு ஒருத்தர். நம்ம ஊரு சாமியாடி மாதிரின்னு வெச்சுக்கங்க. மேளம் அடிச்சா அவர் உடம்பு இங்க இருக்கும், ஆவி மறுலோகம் போயிடும். நீங்க? ரிங்டோன் அடிச்சா உடம்பு சோபாவுல, ஆவி எங்கயோ. அவர் முகமூடி போட்டுப்பார். நீங்க புரொஃபைல் போட்டோ போட்டுக்கறீங்க. அதப் பாத்துட்டு உங்கள நேர்ல பாத்தா அடையாளம் தெரியுதா? தெரியாது! அதுதான் முகமூடி. அவர் அங்க போயி முன்னோர்களப் பார்ப்பார். நீங்க கூடப் படிச்சவங்களப் பாக்கறீங்க. அவர் துஷ்ட ஆவிங்களோட சண்டை போடுவார். நீங்க கமெண்ட்ல போடறீங்க. அந்த வித்தை வர அவர் காட்டுல கெடந்து, பட்டினி கெடந்து, காய்ச்சல்ல சாகக் கெடந்து எழுந்து வரணும். உங்களுக்கு என்ன வேணும்? சார்ஜர்! இதுக்குப் பேர்தான் முன்னேற்றம்."

எல்லாரும் கைதட்டினார்கள். சரசு கையைத் தூக்கினாள்.

"ஐயா, அந்தச் சைபீரியாக்காரரு அங்க இன்னாத்துக்குப் போறாரு?"

"நோயாளிக்கு மருந்து கேட்டு வருவார். காணாமப் போன உயிரத் தேடிக் கையோட கூட்டிட்டு வருவார்."

"அப்ப நாங்களும் ஏதாச்சும் எடுத்துனு வரணும்ல? பை கொண்டாரணுமா?"

சந்தானம் கருணையோடு சிரித்தார். "கொண்டு வர்றது வேற டிபார்ட்மென்ட்மா. நாங்க புறப்பாடு மட்டும்தான். திரும்புதல் பிரிவு அடுத்த வருஷம் பாக்கலாம். இதுவரைக்கும் யாரும் திரும்பணும்னு கேக்கல."

பிறகு புறப்பாட்டு அதிகாரி ஜூலியா, சரசுவின் போனைக் கருவியில் வைத்துத் துணை விலங்கைக் கண்டுபிடித்தாள். சரசு போனில் பார்ப்பது கோலம், குழம்பு. அனுப்புவது காலை வணக்கப் படங்கள். கருவி நெடுநேரம் யோசித்தது.

"பெருச்சாளி" என்றாள் ஜூலியா.

"வேற இருக்கா பாருங்கம்மா."

"கருவி ஒரு தடவதான் சொல்லும்."

பெருமாள் வாகனம் அவளுக்கு, பிள்ளையார் வாகனம் எனக்கு, ஆனாலும் வாகனம் வாகனம்தானே என்று சரசு தன்னைத் தேற்றிக்கொண்டாள். தேறவில்லை.

அடுத்தது பெயர்ச் சோதனை. போனைப் பார்த்தபடி உட்கார வேண்டும். பின்னாலிருந்து பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். திரும்பாவிட்டால் தேர்ச்சி.

"சர..." என்றாள் ஜூலியா.

"இன்னாம்மா?" என்று திரும்பிவிட்டாள் சரசு.

மறுபடி உட்கார வைத்தார்கள். இந்தத் தடவை யாரும் அவளைக் கூப்பிடவேயில்லை. பக்கத்தில் இருந்த பெரியவர் தியோடர் தன் மூக்குக் கண்ணாடியைக் கீழே போட்டார். சரசு குனிந்து எடுத்துக் கொடுத்துவிட்டாள். மூன்றாவது தடவை, டீ கொண்டுவந்த பெண், "சொல்ப ஜாகா விடுங்க" என்று யாரையோ பார்த்து வழி கேட்டாள். சரசு எழுந்து வழிவிட்டாள்.

ஜூலியா பேனாவை மூடினாள். "இதுக்குப் பேரு திரும்பிப் பார்க்கும் நோய். முத்திடுச்சு. வீட்ல யாருக்காவது இருந்திருக்கா?"

சரசு பயந்துபோனாள். "எங்கப்பா தங்கவயல் சுரங்கத்துல இருந்தாரு. கீழ எவனாச்சும் கூப்பிட்டா ஒடனே திரும்பிப் பாக்கணும், இல்லாங்காட்டி ரெண்டு பேரும் போயிடுவோம்னு சொல்லுவாரு."

"பரம்பரை வியாதி" என்றாள் ஜூலியா, சற்று இரக்கத்தோடு. "வீட்ல பிராக்டிஸ் பண்ணுங்க. வீணா மேடம் எப்படி இருக்காங்க பாத்தீங்களா? ஒரே குடும்பம்தானே?"

அந்தக் கடைசிக் கேள்வியைச் சரசு வீடுவரை சுமந்துகொண்டு போனாள். அதற்குப் பிறகு அவள் பயிற்சி செய்த வேகத்தைப் பெரிய தபசிகளிடம்தான் பார்க்க முடியும்.

ஆதிகேசவன் குளியலறையிலிருந்து துண்டு கேட்டுக் கத்தினான். சரசு பல்லைக் கடித்துக்கொண்டு போனைப் பார்த்தாள். அவன் கடைசியில் கதவில் தொங்கிய மிதியடிச் சாக்கைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தான்.

"காது கேக்கலையாடி?"

"நான் யாத்திரையில இருக்கேன்."

"டிக்கெட் எடுத்தியா?" என்றான் அவன்.

பால் பொங்கி வழிந்து அடுப்பை அணைத்தது. பார்த்துக்கொண்டேயிருந்தாள். கீரைக்காரி நின்று நின்று போனாள். எதிர்வீட்டுக்காரி மகளுக்கு வரன் அமைந்த சேதி சொல்ல வந்து, கேட்பாரில்லாமல் வாசலோடு திரும்பினாள். இதையெல்லாம் சொன்னபோது ஜூலியா மகிழ்ந்து, "நல்ல முன்னேற்றம். பெருச்சாளிங்க இவ்ளோ தூரம் வந்ததில்ல" என்றாள். சரசுவுக்குப் பெருமையாக இருந்தது. சந்தோஷமாக இருந்ததா என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் விதிப்படி அவள் திரும்பியிருக்க முடியாது.

மகா புறப்பாடு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வாரிய மண்டபத்தில் நடந்தது. தரை முழுக்க மெத்தைகள், எல்லாம் சந்தானத்தின் பழைய கடைச் சரக்கு. மேடையில் வெள்ளிக் குடை பிடித்த ஒரு நாற்காலி. கடைசிவரை நிமிராமல் இருப்பவர்தான் அந்த வருஷத்து முதல் யாத்ரீகர். அந்த நாற்காலி அவருக்கு. வீணாவுக்கு முதல் மெத்தை. சரசுவுக்குக் கடைசி மெத்தை, கழிவறைக்குப் பக்கத்தில்.

ரிங்டோன் ஒலித்தது. எல்லாரும் போனுக்குள் இறங்கினார்கள். தொண்டர்கள் வரிசைகளுக்கு நடுவே நடந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். அங்கொருவர் இங்கொருவர் நிமிர்ந்து, தலை குனிந்து சுவரோரம் ஒதுங்கினார். சரசுவின் பெயரைச் சொன்னார்கள். அசையவில்லை. மறுபடி சொன்னார்கள். கல்லாக இருந்தாள். முன் வரிசையில் வீணாவின் கூந்தல் மெத்தையிலிருந்து தரைக்கு வழிந்து கிடப்பது ஓரக்கண்ணில் தெரிந்தது. இன்றைக்குப் பார்த்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டாள்.

பக்கத்து மெத்தையில் தியோடர் தும்மினார்.

"நூறாயுசு" என்றாள் சரசு.

அவ்வளவுதான். சுவரோரம் போய் உட்காரச் சொல்லிவிட்டார்கள். தியோடர், "தேங்க்ஸ்மா" என்றார், அவரையும் அனுப்பிவிட்டார்கள்.

சுவரில் சாய்ந்து உட்கார்ந்த சரசுவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அம்மனும் தாண்டிப் போனாள். வாரியமும் தாண்டிப் போனது. நேரம் ஆக ஆக மெத்தைகள் காலியாயின. கடைசியில் சிலரே மிஞ்சினார்கள். முன்னால் வீணா, கண் இமைக்காமல், வாய் லேசாகத் திறந்து, கட்டைவிரல் மட்டும் தானாக மேலும் கீழும் போய்க்கொண்டிருக்க. உதடு வெடித்திருந்தது. காலையிலிருந்து ஒரு வாய்த் தண்ணீர் குடிக்கவில்லை.

அப்போது ரவிக்குமார் காவல் உடையோடு, தோளில் தன் குழந்தையைப் போட்டுக்கொண்டு உள்ளே வந்தான். குழந்தை வீறிட்டு அழுதுகொண்டிருந்தது.

"வீணா, பாப்பாவுக்குப் பசிக்குது. ஏந்திரு."

வீணா அசையவில்லை.

"வீணா! உன்னத்தான். அம்மா அம்மான்னு கூப்புடுது பாரு."

கட்டைவிரல் மேலே போனது, கீழே வந்தது.

சந்தானத்தின் கண்கள் கலங்கின. மேடையிலிருந்து ஒலிபெருக்கியை எடுத்தார். "பெத்த கொழந்த அழுகைக்கும் அசையல! வாரிய வரலாற்றுலயே முதல் தடவை! இது உச்சம். இதுக்கு மேல லோகம் கெடையாது!"

மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது. குழந்தையின் அழுகை கைதட்டலில் மூழ்கியது.

"சார், போதும் சார். ஒரு மாதிரியா இருக்கா. எழுப்புங்க சார்" என்றான் ரவிக்குமார்.

"எப்படிப்பா எழுப்பறது? அதுக்கு ஆள் போடலயே."

ரவிக்குமார் சுற்றிலும் பார்த்தான். சுவரோரம் சரசு தெரிந்தாள். "அண்ணி..." என்றான்.

சரசு எழுந்தாள். இதை மறைப்பானேன்? அவள் எழுந்தது இரக்கத்தால் அல்ல. இன்னும் கொஞ்ச நேரம் போனால் நாற்காலி வீணாவுக்கு. இப்போது எழுப்பிவிட்டால் கிடையாது. அந்தக் கணக்கோடுதான் அவள் மெத்தைகளை மிதித்துக்கொண்டு போனாள். ஆனால் வீணாவின் பின்னால் போய் மண்டியிட்டதும் கைகள் அவளைக் கேட்காமல் வேலையைத் தொடங்கிவிட்டன. மனசு எந்தத் தெருவில் திரிந்தாலும் கைக்கு வீட்டு வழி தெரியும். ஒரு கை இடுப்பை வளைத்தது. இன்னொரு கை முந்தானையைச் செருகியது. வாய், கோயிலில் கேட்கிற கேள்வியைக் கேட்டது.

"யாரம்மா வந்திருக்கிறது? சொல்லு தாயே."

மண்டபம் அடங்கியது. வீணாவின் உதடுகள் அசைந்தன. அவள் குரல் போல இல்லை.

"இந்தச் சலுகை இன்று மட்டுமே" என்றது அது.

சுவரோரம் இரண்டு பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

சரசு இதுவரை மாரியம்மன், அங்காளம்மன், ஒரு தரம் முனீஸ்வரன் என்று பலரோடு பேசியிருக்கிறாள். இப்படி ஒரு தெய்வம் பேசியதில்லை. ஆனாலும் முறை மாறாமல் கேட்டாள். "உனக்கு இன்னா வேணும்? கேளு, செய்யறோம்."

"மறக்காமல் பெல் பட்டனை அழுத்தவும்."

தெய்வம் கேட்டதை மறுத்துப் பழகாத குடும்பம் அது. குழந்தையை அண்ணியின் பக்கத்தில் இறக்கிவிட்டு ரவிக்குமார் ஓடினான். காவலாளிக்குத் தெரிந்த பெல் பட்டன் அந்தக் கட்டடத்தில் ஒன்றுதான். கண்ணாடியை உடைத்துச் சிவப்புப் பொத்தானை அழுத்தினான்.

அபாய மணி கட்டடமே அதிர அலறியது. மறுலோகத்தில் மிச்சமிருந்தவர்கள் எல்லாரும் ஒரே நொடியில் இந்த லோகத்துக்கு வந்தார்கள். செருப்பைத் தேடாமல் ஓடினார்கள். எல்லாருக்கும் முன்னால் சந்தானம் ஓடினார், வெள்ளிக் குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு. அவருக்குப் பின்னால் ஜூலியா.

ரவிக்குமார் வாசல் நெரிசலில் மாட்டிக்கொண்டான். மண்டபத்தில் மிஞ்சியது வீணாவும் சரசுவும் குழந்தையும்தான். மணி அலறிக்கொண்டிருந்தது. வீணாவுக்கு அதுவும் கேட்கவில்லை.

இப்போது பார்ப்பதற்கு யாருமில்லை. நாற்காலியில் குடையுமில்லை. பொறாமைப்பட எதுவும் மிச்சமில்லாத அந்த இடத்தில்தான் சரசு முதல் முறையாக வீணாவின் முகத்தைப் பார்த்தாள். எங்கேயோ ஒரு பெரிய சந்தையில் கைவிட்டுப் போன பிள்ளையின் முகம்.

கற்பூரம் கையில் இல்லை. தண்ணீர் பாட்டில் இருந்தது. முந்தானையை நனைத்து வீணாவின் உதட்டைத் துடைத்தாள். போனை அவள் விரல்களிலிருந்து மெல்லப் பிரித்து மெத்தையில் கவிழ்த்து வைத்தாள். பிறகு அந்த நீண்ட கூந்தலை, எத்தனையோ நாள் கண்ணை உறுத்திய அந்தக் கூந்தலை, இரண்டு கையாலும் அள்ளி, உதறி, முறுக்கி, கொண்டையாக முடிந்தாள்.

"மணி அடிச்சாச்சு தாயே. கேட்டதச் செஞ்சாச்சு. மலையேறு" என்றாள். அப்புறம் தாழ்ந்த குரலில், "வீணா."

தோளைத் தொட்டு மறுபடி கூப்பிட்டாள்.

"வீணா. நான்தான்டி. கீழ்வீட்டு அக்கா."

வீணாவின் கழுத்து மெதுவாகத் திரும்பியது. கண்ணில் தண்ணீர் கோத்தது. நெடுந்தூரத்திலிருந்து வருகிறவளைப் போல அவள் கேட்டாள்.

"அக்கா... கொழாயில தண்ணி வந்துடுச்சா?"

"வந்து நின்னும் போச்சு. உன் டிரம்ம ரொப்பிட்டேன். புள்ளயத் தூக்கு."

வாரியம் விசாரணை நடத்தியது. கூப்பிட்டதற்குத் திரும்பியதால் வீணாவின் பட்டமும் கருடனும் பறிக்கப்பட்டன. திரும்பிப் பார்க்கும் நோய் தொற்றக்கூடியது என்று கண்டுபிடித்து, சரசு அந்தக் கட்டடத்தின் நிழலில்கூட நிற்கக் கூடாது என்று தடை போட்டார்கள். மணிச் சத்தத்துக்கு எல்லாருமே நிமிர்ந்துவிட்டதால் முதல் யாத்ரீகரைத் தேர்ந்தெடுப்பதில் சிக்கல் எழுந்தது. ஆனால் வாசலை நோக்கி ஓடியபோது, உள்ளே இருந்த தாயையும் பிள்ளையையும் ஒரு தரம்கூடத் திரும்பிப் பார்க்காதவர் யார் என்று ஆராய்ந்து, பட்டத்தைச் சந்தானத்துக்கே ஒருமனதாக வழங்கினார்கள். ஜூலியா வாசற்படியில் ஒரு தரம் திரும்பிவிட்டாளாம். அவளை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள்.

ஆடி வந்தது. கூழ் கொதித்தது. பம்பைக்காரர்கள் தோலைச் சூடேற்றினார்கள். சரசு மஞ்சள் புடவையோடு வழக்கமான இடத்தில் போய் நின்றாள். முதுகுக்குப் பின்னால் யாரோ வந்து நின்றது போலிருந்தது. வீணா. கையில் மஞ்சள் தண்ணீர்ச் சொம்பு.

"நீ இன்னாடி இங்க? முன்னால போ. பம்பை அடிச்சா ஒனக்கு வந்துடுமே."

"இந்த வருஷம் நான் புடிக்கறேன்கா. நீ கண்ண மூடிக்க."

"எனக்கு எங்க வரப்போவுது?"

"வரலன்னா இன்னா? நான் சும்மா நிக்கறேன்."

சரசு கண்ணை மூடினாள். பம்பை அதிர்ந்தது. அங்கே ஒருத்திக்கு வந்தது, இங்கே ஒருத்திக்கு வந்தது. சரசுவுக்கு வரவில்லை. இடுப்பில் மட்டும் ஒரு கை, வளைத்தபடி, இறுகாமல், விடாமல் இருந்தது. அவள் இடுப்பை இதற்கு முன் யாரும் இப்படிப் பிடித்ததில்லை. கண்ணுக்குள் மஞ்சளாக ஏதோ நிறைந்தது. வீணாவின் கூந்தல் தோளில் உரசியபோது மட்டும், எவ்வளவு அடர்த்தி பாவிக்கு என்று ஒரு சின்ன முள் குத்தியது. அம்மன் அதை மன்னித்திருப்பாள்.

"யக்கா, கொஞ்சம் தண்ணி குடுங்களேன்" என்று கூட்டத்தில் யாரோ ஒரு பெண் கேட்டாள்.

இரண்டு பேரும் ஒன்றாகத் திரும்பினார்கள்.